புளிப்பில்லா அப்பம்: ஒரு மொழிபெயர்ப்புச் சொல்லின் ஆராய்ச்சி

பிறமொழி நூலைத் தமிழாக்குவோர்க்குப் பெரிய சொற்களால் வரும் இடர் குறைவு. கடவுள், உயிர், அறம், வீடு முதலிய சொற்களைப் பற்றி அறிஞர் கூடி ஆராய்வர், வழக்காடுவர், முடிவில் ஒன்றைத் தேர்ந்து கொள்வர். ஓசையின்றி இடர் விளைப்பன சமையலறைச் சொற்களே. எளியன என்று எண்ணி எவரும் அவற்றை இருமுறை நோக்குவதில்லை. தமிழ் விவிலியத்தில் வரும் ‘புளிப்பில்லா அப்பம்’ என்னும் தொடர் இவ்வகையைச் சேர்ந்தது. படிப்போர் அதன் பொருள் தெரியும் என்று எண்ணிக் கடந்து விடுகின்றனர். நின்று நோக்கினால் அதனுள் ஒரு நல்ல தேர்வும், பொறுத்துக்கொள்ளத்தக்க ஒரு குறையும், பொறுக்கலாகாத ஒரு குறையும் இருப்பது புலனாகும்.

எகிப்து நாட்டில் அடிமைப்பட்டுக் கிடந்த தம் முன்னோர் விடுதலை பெற்றதை நினைந்து யூதர் ஆண்டுதோறும் இளவேனிற் காலத்தில் கொண்டாடும் திருநாள் பஸ்கா. அதன் முதலிரவு விருந்தில் ஒவ்வொருவரும் உண்டே தீரவேண்டும் என்று அவர்தம் சமயச் சட்டம் விதித்த உணவுக்கு எபிரேய மொழியில் ‘மத்சா’ என்று பெயர். அந்நாட்களில் வீட்டில் இருத்தலும் கூடாது என்று விலக்கப்பட்ட புளித்த பொருளுக்கு ‘ஹாமேத்ஸ்’ என்று பெயர். முன்னதைத்தான் 1871ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ் விவிலியம் ‘புளிப்பில்லா அப்பம்’ என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதனைப் ‘புளிப்பற்ற அப்பம்’ என்று சிறிது மாற்றிக்கொண்டது.

மலாக்காவில் ஒரு முன்னோடி

மறைநூல் மொழிபெயர்ப்பைச் சொல் சொல்லாக எடுத்து ஆராய்வது மலாக்காவுக்குப் புதியதன்று. இந்நகரில் 1796இல் பிறந்த முன்ஷி அப்துல்லா, ஏமன் நாட்டு அரபியரும் நாகூர்த் தமிழரும் கலந்த குடிவழியினர். மலாயோடு தமிழும் கற்றவர். 1815இல் மலாக்காவுக்கு வந்த தாம்சன் என்னும் பாதிரியார் நற்செய்தி நூலை மலாயில் திருத்தியமைத்தபோது அவருக்குத் துணை நின்றவர் அப்துல்லாவே. சொற்கள் மலாய்ச் சொற்களாயினும் நடை மலாய் நடையன்று என்பது அப்துல்லா கண்ட குறை. பாதிரியாரோடு தாம் வாதிட்டதை 1849இல் அச்சேறிய தம் வரலாற்று நூலில் அவர் ஒளியாமல் எழுதியுள்ளார். மறைநூலின் மேல் மதிப்பு வைத்தலும் மொழிபெயர்ப்பின் மேல் குறை சொல்லுதலும் முரண்பட்டவை அல்ல என்பதற்கு அவர் சான்று.

அப்துல்லாவின் அளவுகோல் எளியது. அம்மொழி பேசும் ஒருவன் அச்சொல்லைக் கேட்டவுடன் எதனை நினைப்பான் என்று பார்ப்பதே அது. அதே அளவுகோலைத் தமிழ்த் தொடரின்மேல் வைத்தல் தகும். அதற்குமுன், மத்சா இன்னது என்று யூதர் சட்டமே சொல்வதைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

சட்டம் சொல்வது

யூதர்தம் வாய்மொழிச் சட்டங்களைத் தொகுத்த மிஷ்னா கி.பி. 200 அளவில் உருப்பெற்றது. அதற்கு விரிவுரையாகிய தல்மூத்தில் பஸ்காவுக்கெனத் தனிப்பகுதியே உண்டு. அப்பகுதியின்படி, மத்சா உண்பது முதலிரவில் கடமை. ஏனைய நாட்களில் அவரவர் விருப்பம். கடமைக்குரிய அளவு ஓர் ஒலிவக்காயின் பருமன். அவ்வளவையும் நெடுநேரம் இழுத்து உண்ணாமல், குறித்த சிறு பொழுதுக்குள் உண்டு முடித்தல் வேண்டும். அடிமைகள் நின்றுகொண்டு உண்பர். உரிமை பெற்றோர் சாய்ந்திருந்து உண்பர். ஆதலின் இடப்புறம் சாய்ந்து உண்ணுதல் முறை.

மாவைப் பற்றிய விதிகள் இவற்றினும் நுண்ணியவை. மாவில் நீர் பட்டபின் அதனை வாளா விட்டுவைத்தால், ஒரு ‘மீல்’ தொலைவு நடக்கும் நேரத்தில் அது புளித்ததாகக் கருதப்படும். 16ஆம் நூற்றாண்டில் யோசேப்பு காரோ தொகுத்த சட்டநூல் இந்நேரத்தை 18 நிமிடம் என்று கணக்கிடுகிறது. கை ஓயாமல் பிசைந்துகொண்டிருக்கும் வரை மா புளிப்பதில்லை. கை ஓய்ந்தால் காலம் எண்ணத் தொடங்கும். வெப்பம் புளிப்பை விரைவுபடுத்தும் என்பதால், முதல்நாள் மாலையில் முகந்து இரவெல்லாம் ஆறவைத்த நீரால்தான் பிசைதல் வேண்டும்.

இந்நீரைப் பற்றித் தல்மூத்தில் ஒரு சுவையான செய்தி உண்டு. ரவ் மத்தனா என்னும் ஆசிரியர் பப்பூனியா என்னும் ஊரில் இவ்விதியை எடுத்துரைத்தார். ‘இரவு தங்கிய நீர்’ என்று அவர் சொன்ன எபிரேயத் தொடருக்கு ‘நம்முடைய நீர்’ என்றும் பொருள் கொள்ளலாம். ஆசிரியருடைய வீட்டு நீரைத்தான் சட்டம் கேட்கிறது என்று எண்ணிய ஊரார், மறுநாள் ஆளுக்கொரு குடத்தோடு அவர் வாயிலில் வந்து நின்றனர். அவர் அதே கருத்தை மக்கள் பேசிய அரமேய மொழியில் திருப்பிச் சொல்லி விளக்க வேண்டியதாயிற்று. உணவு பற்றிய எளிய சொல் ஒன்று, மொழிபெயர்ப்பின் எல்லைக்கு வருமுன்னரே, ஓர் ஊரையே குடம் தூக்க வைத்துவிட்டது. இத்தகைய சொற்களை இருமுறை நோக்கவேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

அரிசிக்கு இடமில்லை

எந்தத் தானியத்தால் மத்சா செய்யலாம்? கோதுமை, வாற்கோதுமை, கோதுமை இனத்ததாகிய ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ் என்னும் ஐந்தனுள் ஒன்றால் மட்டுமே செய்யலாம் என்பது சட்டம். அரிசியால் ஆகாது; தினையாலும் ஆகாது. காரணம் வியப்பூட்டுவது. அரிசி புளிக்கும் என்பதற்காக அது விலக்கப்படவில்லை. அரிசி புளிக்க வல்லதன்று, கெட்டுப்போக மட்டுமே வல்லது என்பதற்காகவே விலக்கப்பட்டது. புளித்ததை உண்ணாதே என்பதையும் மத்சாவை உண் என்பதையும் மறைநூல் ஒரே இடத்தில் இணைத்துச் சொல்கிறது. ஆகவே எது புளித்த பொருளாக மாறக் கூடுமோ அதுவே மத்சாவாகவும் ஆகக் கூடும் என்று சட்ட ஆசிரியர் முடிவு செய்தனர்.

இட்லி மாவும் தோசை மாவும் பொங்கி வழிவதைக் கண்ட தமிழ் இல்லத்தார்க்கு, அரிசி புளிக்காது என்பது நகைப்பைத் தரலாம். ஆனால் அந்த ஆசிரியர் கருதியது கோதுமை மா எழும்புவது போன்ற எழுச்சியை. கோதுமையில் உள்ள பசைப்பொருள் காற்றைப் பிடித்துவைத்து மாவை உப்பச் செய்யும். அரிசியில் அப்பசைப்பொருள் இல்லை. இட்லி மாவில் காற்றைப் பிடித்துவைப்பதில் உளுந்தின் வழவழப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

இதனை மறுத்தவரும் இருந்தனர். 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியினராகிய ரபி யோகனான் பென் நூரி, அரிசியும் தானியமே, அதுவும் புளிக்கும், அதனாலும் கடமை நிறைவேறும் என்றார். பெரும்பான்மையோர் அவர் கருத்தை ஏற்கவில்லை. அரிசியின்மேல் அவர்களுக்கு ஐயமே இல்லை என்பதைக் காட்டுவதுபோல், பாபிலோனிய ஆசிரியராகிய ரவா பஸ்கா இரவு விருந்திலேயே சமைத்த சோற்றை விரும்பி வைத்தார். பிற்காலத்தில், 13ஆம் நூற்றாண்டு முதல், ஐரோப்பிய யூதர் அரிசியையும் பருப்பு வகைகளையும் அந்நாட்களில் விலக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். கீழைநாட்டு யூதருட் பலர் இன்றும் அந்நாட்களில் அரிசி உண்கின்றனர். 2015இல் அமெரிக்கப் பழமை பேணும் பிரிவினரின் சட்டக் குழுவும் ஐரோப்பிய வழியினர்க்கு அத்தடையைத் தளர்த்தியது. உண்ணலாமா என்பதில் இத்துணை வேறுபாடு இருப்பினும், அரிசியால் மத்சா ஆகாது என்பதில் எவர்க்கும் வேறுபாடில்லை.

புளிப்பு என்னும் நல்ல தேர்வு

இனித் தமிழ்த் தொடரை நோக்கலாம். முதலில் அதன் சிறப்பைச் சொல்லுதல் முறை. ஹாமேத்ஸ் என்னும் எபிரேயச் சொல்லின் வேர்ப்பொருள் புளிப்பு. காடியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லும் அவ்வேரிலிருந்தே பிறந்தது. ஆங்கிலத்தில் வழங்கும் ‘லெவன்’ என்னும் சொல்லோ, உயர்த்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. ஆங்கிலம் மாவின் வடிவத்தைப் பார்த்துப் பெயரிட்டது. எபிரேயம் அதன் சுவையைப் பார்த்துப் பெயரிட்டது. தமிழும் சுவையையே பார்த்தது. மா எழும்பிற்று என்பதினும் மா புளித்தது என்பதே தமிழர் இயல்பான வழக்கு. 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்புக் குழுவை நடத்திய ஹென்றி பவர், சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868இல் பதிப்பித்த தமிழறிஞர். ‘புளிப்பு’, ‘புளித்த மா’ என்னும் சொற்களை அவர்தம் குழு கையாண்டதால், தமிழ் படிப்போன் இவ்விடத்தில் ஆங்கிலம் படிப்போனைவிட மூலத்துக்கு நெருங்கி நிற்கிறான்.

அப்பம் என்னும் குறை

அப்பம் என்னும் சொல்லுக்கு அத்தகைய பொருத்தம் இல்லை. தமிழில் அப்பம் பழமையானது. பெரும்பாணாற்றுப்படையிலும் மதுரைக்காஞ்சியிலும் வரும் கூவியர் என்பார் அப்பம் விற்போர் என்று உரையாசிரியர் கூறுவர். பாகோடு சேர்ந்த பண்டமாகவே அது அங்கே காட்சி தருகிறது. பிள்ளையார்க்குப் படைக்கும் அப்பமும் வெல்லமும் நெய்யும் சேர்ந்தது. இனிப்பு அப்பம் இது. புளித்த மாவைச் சட்டியில் ஊற்றிச் சுடும் ஆப்பத்தையும் பலர் அப்பம் என்றே வழங்குவர். பாச்சாங் முதலிய மலாக்கா ஊர்களில் காலைப் பலகாரமாகக் கேட்கும் அப்பம் இதுதான். மலாய்மொழி தமிழிடமிருந்து கடன்கொண்ட ‘அப்பம்’ என்னும் சொல்லும் உப்பிய மெல்லிய பண்டத்தையே பெரும்பாலும் குறிக்கிறது.

இவ்விரண்டில் எதனை நினைத்தாலும் மத்சா கிட்டாது. மது, எண்ணெய், தேன் இவற்றால் பிசைந்த மா செல்வரின் உணவு. வறியோரின் உணவாகிய மத்சாவுக்கு அது ஆகாது என்று தல்மூத் விலக்குகிறது. ஆகவே இனிப்பு அப்பம் வெளியே நிற்கும். ஆப்பம் புளித்தது, அன்றியும் அரிசியால் ஆனது. ஆகவே அதுவும் வெளியே நிற்கும். தோற்றத்தாலும் செய்முறையாலும் மத்சாவுக்கு அண்மையில் இருப்பது சப்பாத்தியே.

மொழிபெயர்த்தோர் இதனை அறியாதவர் என்று சொல்வதற்கில்லை. கோதுமை ரொட்டி அன்றைய தமிழ்ச் சிற்றூர்களில் அரிய பொருள். நூல் முழுவதும் வரும் பொதுவான உணவுச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டியிருந்தது. அப்பம் என்பதை அதற்கு அமர்த்தினர். எங்கும் அது பொருந்தாது என்பதையும் உணர்ந்தே, இயேசு கற்பித்த வேண்டுதலில் அப்பத்தை விடுத்து ‘ஆகாரம்’ என்று எழுதினர். கிறித்தவத் தமிழில் அப்பம் இன்று தனிப்பொருள் பெற்று வேரூன்றிவிட்டது. எனவே இக்குறை பொறுத்துக்கொள்ளத்தக்கது.

‘இல்லா’ என்னும் பெருங்குறை

பொறுக்கலாகாத குறை அப்பத்தில் இல்லை. அதற்கு முன்னிற்கும் ‘இல்லா’ என்பதில் இருக்கிறது. தமிழாசிரியர் இங்கேதான் கண்வைத்தல் வேண்டும். ‘புளிப்பில்லா’ என்பது ஒரு பண்பின் இன்மையைச் சொல்லும் குறிப்புப் பெயரெச்சம். கல்லுக்கும் புளிப்பில்லை, உப்புக்கும் புளிப்பில்லை. அவற்றையும் ‘புளிப்பில்லா’ என்று சொல்லலாம். ‘புளியா’ என்பதோ வினையடியாகப் பிறந்த எதிர்மறைப் பெயரெச்சம். புளித்தல் என்னும் தொழிலுக்கு உரிய பொருள் அத்தொழிலைச் செய்யாது நின்றதை அது உணர்த்தும். கல்லைக் குருடு என்பார் இல்லை. காணுதற்குரிய உயிரே குருடாதல் கூடும். அதுபோலப் புளிக்க வல்ல மாவையே ‘புளியா மா’ என்றல் பொருந்தும்.

அரிசியை விலக்கியபோது சட்ட ஆசிரியர் வகுத்த வேறுபாடும் இதுவே. அவர்தம் நோக்கில் அரிசி அப்பம் புளிப்பில்லாதது. ஆயினும் அது மத்சா அன்று. கோதுமை மத்சா புளித்திருக்கக் கூடியது; புளிக்காமல் காக்கப்பட்டது. மத்சாக்களைக் காத்துக்கொள்ளுங்கள் என்பது மறைநூலின் கட்டளை. மத்சாக்கள் என்பதும் கட்டளைகள் என்பதும் எபிரேய எழுத்தில் ஒரே வடிவின. ஆகவே, மாவைப் புளிக்க விடாததுபோல் கைக்கு வந்த கடமையையும் ஆறப்போட்டுப் புளிக்க விடாதே என்று பழைய உரைநூலொன்று விரித்துரைக்கும். விழிப்பும் காவலும் இல்லையேல் மத்சா இல்லை. ‘புளிப்பில்லா’ என்று சொல்லும்போது அக்காவல் முழுவதும் மறைந்து, சுவையில்லாத ஒரு பண்டம் மட்டுமே எஞ்சுகிறது. பதினெட்டு நிமிடப் போராட்டம் ஒரு வெறும் இன்மையாகச் சுருங்கிவிடுகிறது.

1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் ‘புளிப்பற்ற’ என்னும் திருத்தம் இக்குறையை நீக்கவில்லை. இன்றைய வழக்கில் ‘அற்ற’ என்பது ‘இல்லாத’ என்பதற்கு நிகராகவே வழங்குகிறது. சொல்லின் வேரை நோக்கினாலோ, இருந்தது அறுந்து போயிற்று என்னும் பொருளை அது தரும். மத்சாவில் புளிப்பு ஒருபோதும் தோன்றியதே இல்லை. தோன்றாமல் தடுக்கப்பட்டதற்கும் தோன்றி நீங்கியதற்கும் வேறுபாடு உண்டு.

சிறுமையின் அப்பம்

அதே 1871ஆம் ஆண்டுக் குழு மற்றோரிடத்தில் காட்டிய திறமையையும் மறத்தலாகாது. உபாகமத்தில் மத்சாவுக்கு ‘லெஹெம் ஓனி’ என்று ஓர் அடைமொழிப் பெயர் உண்டு. இத்தொடரைத் தல்மூத் ஆசிரியர் பலவாறு பொருள் கொண்டனர். துன்பத்தின் உணவு என்பது ஒன்று. வறியோனின் உணவு என்பது மற்றொன்று. வறியோன் முழு ரொட்டியைக் காணான், துண்டையே காண்பான் என்பதால், விருந்தில் ஒரு மத்சாவை இரண்டாக உடைத்துத் துண்டை எடுத்து வைப்பர். பல சொற்களைச் சொல்லி உண்ணும் உணவு என்பது மூன்றாவது. அவ்விரவில் சிறுவர் வினவ, பெரியோர் எகிப்தின் வரலாற்றை விடையாகச் சொல்வர்.

இதற்குத் தமிழில் ‘சிறுமையின் அப்பம்’ என்று எழுதினர். சிறுமை என்னும் சொல் துன்பத்தையும் குறிக்கும், வறுமையையும் குறிக்கும், அளவிற் சிறிதாதலையும் குறிக்கும். துன்பம், வறுமை, உடைந்த துண்டு ஆகிய மூன்றும் ஒரு சொல்லில் வந்து அமைந்தன. சொல்லாடல் என்னும் பொருள் மட்டும் கிட்டவில்லை; சிலேடையை முழுவதும் மொழிபெயர்த்தல் எவர்க்கும் இயலாதது. இத்துணைத் திறமுடையோர் ‘இல்லா’ என்பதோடு அமைந்துவிட்டமையே வருந்தத்தக்கது.

கேரளச் சமையலறை காட்டும் வழி

சொல்லால் ஆகாததை ஒரு வழக்கம் விளக்கக்கூடும். கேரளத்துச் சிரியன் கிறித்தவர் பெரிய வியாழன் இரவில் ‘பெசகா அப்பம்’ என்று ஒன்று செய்வர். அரிசிமாவும் உளுந்தும் சேர்த்து, புளிக்க வைக்காமல், அவித்தெடுப்பர். குடும்பத் தலைவர் அதனைப் பிட்டு எல்லார்க்கும் பகிர்ந்தளிப்பார். தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய பெசகாப் பாலோடு உண்பர். யூதர் சட்டப்படி இது மத்சா ஆகாது. ஆயினும் அச்சமையலறையில் அரிசியும் உளுந்தும் சேர்ந்த மா புளிக்க வல்லது. கள் ஊற்றிப் புளிக்க வைத்து அப்பம் சுடுவது அவர்தம் நாட்டு வழக்கம். நாள்தோறும் புளிக்கும் மாவை ஓரிரவு மட்டும் புளிக்க விடாமல் காக்கின்றனர். தானியம் மாறிற்று, புளிக்க வல்லதைப் புளிக்காமல் காத்தல் என்னும் கருத்து மாறவில்லை.

இதனை நோக்கினால் அப்பம் என்னும் சொல்லின் குறையும் ஒருவகையில் நிறைவாகிறது. அப்பம் என்றால் புளித்தது என்று எண்ணும் மலாக்காத் தமிழர்க்கு, புளிக்காமல் காத்த அப்பம் என்று சொன்னால் உடனே ஒரு வினா எழும்: ஏன் காத்தார்கள்? பஸ்கா இரவில் யூதச் சிறுவர் கேட்பதும் அத்தகைய வினாவே.

முடிபு

ஒலிபெயர்ப்பாக மத்சா என்றே எழுதிவிடலாம் என்பார் கூற்றும் உண்டு. பாச்சாங் என்பது மலாயில் ஒருவகை மாவின் பெயரும் ஆம். அதனால் அவ்வூர்ப்பெயரை ‘மாவூர்’ என்று எவரும் மாற்றுவதில்லை. பஸ்காவையும் அவ்வாறே ஒலிபெயர்த்துக் கொண்டனர். ஆயின் திருநாளின் பெயர் வேறு, உண்ணும் பொருளின் பெயர் வேறு. உண்ணும் பொருளைப் பெயரளவில் நிறுத்தினால் புளிப்பு என்னும் நல்ல சொல்லையும் இழக்க நேரும். வழிபாட்டில் பழகிய சொல்லைத் தொடலாகாது என்பாரும் உளர். 1995இல் ‘இல்லா’ என்பது ‘அற்ற’ என்றாயிற்று, வழிபாடு குலைந்துவிடவில்லை.

ஆகவே வேண்டுவது சிறு மாற்றமே. ‘புளிப்பில்லா அப்பம்’ என்பதைப் ‘புளியா அப்பம்’ என்று எழுதினால் போதும். புளிப்பு என்னும் பொருத்தமான வேர் நிற்கும். வேரூன்றிய அப்பமும் நிற்கும். புளிக்க வல்லது புளியாது நின்றது என்னும் சட்டத்தின் உயிர்நிலையும் வந்து சேரும். அச்சிட்ட நூலில் அம்மாற்றம் வரும்வரை, வகுப்பில் இத்தொடர் எதிர்ப்படும்போது ஆசிரியர் ‘புளிக்காமல் காத்த அப்பம்’ என்று ஒருமுறை விரித்துச் சொல்லலாம். ஒரு பெயரெச்சத்தைச் சரியாகப் பிரித்துக் காட்டினால், ஓர் இனத்தார் பல நூற்றாண்டுகளாக மாவின்முன் விழித்திருந்து காத்த நம்பிக்கை மாணவர்க்குத் தெளிவாகும்.